அறுபத்தொரு கையெழுத்தும் நாற்பத்தேழு பதார்த்தங்களும்

எல்க் ஃபோர்டு, அயோவா
செப்டம்பர் 27, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

என் பெயர் ஹார்லன் டோஸ்ட்ரூட். வயது ஐம்பது. மாவட்ட நிலப்பதிவு அலுவலகத்தில் பதிவாளராகவும், எல்க் ஃபோர்டு சீயோன் லுத்தரன் சபையில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செயலராகவும் இருக்கிறேன். 'கிறிஸ்தவ தேசியவாதம் பரவிவரும் இந்நாளில் உங்கள் சபை என்ன செய்தது?' என்று கேட்டுத் தங்கள் மாத இதழிலிருந்து எல்லாச் சபைகளுக்கும் வந்த படிவத்துக்குப் பதிலளிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் ஆண்டவர் தயவால் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே சோளம் நன்றாக விளைந்திருக்கிறது. படிவத்தில் பதிலுக்கென நான்கு கோடுகள் விடப்பட்டிருந்தன. முதல் கோட்டில் எங்கள் சபையின் முழுப்பெயரே அடங்கவில்லை. ஆகவே தனித்தாளில் எழுத அனுமதி கோருகிறேன். அனுமதி வருமுன்பே எழுதியும் விட்ட ஒழுங்கீனத்தைப் பொறுத்தருள்க.

ஆகஸ்ட் மாத இறுதி ஞாயிறன்று ஆராதனைக்குப் பின், காபி வேளையில், எங்கள் சபையின் மூத்த உறுப்பினர் வெர்லின் ஹாகன் ஒரு மனுவைச் சுற்றுக்கு விட்டார். வெர்லின் தானியக் கிடங்கு நடத்தி ஓய்வுபெற்றவர், பாடகர் குழுவில் கட்டைக்குரல், பனி பெய்தால் யாரும் கேட்காமலே போதகர் வீட்டு வாசலைத் தன் டிராக்டரால் வழித்துவிடுகிறவர். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சென்ற குளிர்காலம் முழுவதும் அவர் கைப்பேசியில் யாரோ ஒருவரின் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார், அதன் விளைவே இம்மனு. 'இந்தத் தேசம் கிறிஸ்தவர்களுக்கே உரியது. இதன் சட்டமும் பள்ளியும் நகரமன்றமும் கிறிஸ்தவர் கையிலேயே இருக்கவேண்டும். இச்சபை இதைத் தன் நிலைப்பாடாக அறிவித்து, அதற்கு அடையாளமாகப் பலிபீடத்தின் பின்னே தேசக் கொடியைத் தொங்கவிட வேண்டும்' என்பது அதன் வாசகம். பலிபீடத்தின் பின்னே இருப்பது சிலுவை, உயரம் ஒன்பது அடி. வெர்லின் நன்கொடையாகத் தர முன்வந்த கொடி அவருடைய கிடங்கின் கோபுரத்தில் தொங்கியது, உயரம் பதினெட்டு அடி. மீதியைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் எங்கள் சபையின் வழக்கம் ஒன்றை நான் பதிவு செய்யவேண்டியிருக்கிறது. வெர்லின் தன் மனுவைச் செருகுவதற்கு அட்டை கிடைக்காமல், சமையலறைக் கொக்கியில் மாட்டியிருந்த கிளிப் அட்டையை எடுத்துக்கொண்டார். அந்த அட்டை மேசையைச் சுற்றிவந்தால் எங்கள் மக்கள் தலைப்பைப் படிப்பதில்லை. மூன்று தலைமுறையாக அது, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் அன்பின் விருந்துக்கு மட்டுமே சுற்றிவந்திருக்கிறது. ஆகவே பெயரை எழுதுவார்கள், பெயருக்கு எதிரே கொண்டுவரப்போகும் பதார்த்தத்தை எழுதுவார்கள், அடுத்தவரிடம் தள்ளுவார்கள், பேச்சை விட்ட இடத்தில் தொடர்வார்கள். அன்று மாலை மனு என் கைக்கு வந்தபோது அதில் அறுபத்தொரு கையெழுத்துகள் இருந்தன. அவற்றில் நாற்பத்தேழு பேர் தேசம் கிறிஸ்தவர்களுக்கே உரியது என்று அறிவித்த கையோடு சீஸ் உருளைக்கிழங்கு, பன்றிக்கறி பன், எலுமிச்சை ஜெல்லி, 'பீன்ஸ், பெரிய பாத்திரம்' என்றெல்லாம் வாக்களித்திருந்தார்கள்.

எங்கள் சட்டவிதி ஒன்பதின்படி முப்பது கையெழுத்து இருந்தால் சிறப்புக் கூட்டம் கூட்டியாகவேண்டும். பதார்த்தம் எழுதிய கையெழுத்து, கையெழுத்தாகுமா? விதியில் இதற்கு விடையில்லை. நான் வெர்லினைத் தொலைபேசியில் அழைத்து, பலர் விருந்து என்று எண்ணிக் கையொப்பமிட்டதாகத் தெரிகிறது என்றேன்.

"கையெழுத்துன்னா கையெழுத்துதான், ஹார்லன். படிக்காம போட்டது என் குத்தமா? உன் ஆபீஸ்ல பத்திரத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டவன், அப்புறம் வந்து 'ஐயா நான் ஜெல்லின்னு நெனச்சேன்'னா நிலத்தைத் திருப்பிக் குடுப்பியா?" என்றார்.

இரண்டு நாள் ஆலோசித்து நான் அளித்த தீர்ப்பு வருமாறு: கையெழுத்துகள் செல்லும்; அதே நியாயப்படி அவற்றுக்கு எதிரே எழுதியவையும் செல்லும். செப்டம்பர் 14 ஞாயிறன்று சிறப்புக் கூட்டம் என்றும், கையொப்பமிட்டோர் தம் பெயருக்கு எதிரே கண்டுள்ள பதார்த்தத்துடன் வருகைதர வேண்டும் என்றும் அறிவிப்பு அனுப்பினேன்.

அறிவிப்பு சேர்ந்த பத்தாவது நிமிடம், சமையலறைப் பொறுப்பாளர் டெலோரஸ் நிகார்ட் அம்மையார் என்னை அழைத்தார். வயது எண்பத்தொன்று.

"ஏம்ப்பா ஹார்லன், நான் எதுல கையெழுத்துப் போட்டேன்?"

"தேசம் கிறிஸ்தவர்களுக்கே உரியது என்ற மனுவில், அம்மா. பன்னிரண்டாவது பெயர்."

"அடப்பாவி. நான் கேரட் போட்ட ஜெல்லிக்குப் போட்டேன். அந்தக் கேரட் ஜெல்லியை எவனும் திங்கறதில்லைன்னு எனக்கே தெரியும், அதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?"

இதுவரை வேடிக்கையாக இருந்தது. மறுநாள் எங்கள் போதகர் லீடியா பிரெக்கே என் அலுவலகத்துக்கே வந்து ஓர் உறையைக் கொடுத்தார். அவர் வருமுன் ஐந்தாண்டில் மூன்று போதகர்கள் எங்களை விட்டுப் போனார்கள். அவர் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவரும் போனால் நாற்பது மைல் தள்ளியுள்ள சபையோடு எங்களை இணைத்துவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"சிலுவையை மறைச்சுட்டு அதுக்கு முன்னாடி நின்னு என்னால பிரசங்கம் பண்ண முடியாது, ஹார்லன். கொடி மேல எனக்குக் கோபமில்ல. எங்க அண்ணன் அதுக்குக் கீழ நின்னு ராணுவத்துல இருந்தவன். ஆனா அது சாமி இல்ல. தீர்மானம் நிறைவேறுச்சுன்னா அன்னிக்கே தேதி போட்டு இதை எடுத்துக்கோங்க" என்றார்.

அது ராஜினாமாக் கடிதம். தேதியில்லாத கடிதத்தைக் கோப்பில் சேர்க்க விதியில் இடமில்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன். அவர், "நீங்க இருக்கிற வரைக்கும் இந்தச் சபை இடியாது" என்று சொல்லிப் போனார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை என் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது, சட்டை மாற்றும்போது அதையும் மாற்றினேன், ஒருமுறை சலவை இயந்திரத்தின் வாய்வரை போய் மீண்டது.

கூட்டத்தன்று ஆலயத்தின் கீழ்த்தளத்தில் தொண்ணூற்றேழு பேர் கூடினார்கள். ஈஸ்டருக்குக்கூட அத்தனை பேர் வருவதில்லை. பதார்த்தங்களை மனுவிலுள்ள வரிசை எண்படி மேசையில் அடுக்கவேண்டும் என்று நான் உத்தரவிட்டிருந்தேன். அதன்படி முதல் ஒன்பது பாத்திரங்களும் சீஸ் உருளைக்கிழங்காகவே அமைந்தன. டெலோரஸ் அம்மையார் என் கையிலிருந்த பட்டியலை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு தம் விருப்பப்படி மாற்றினார். ஆறினால் வீணாகும் என்பதால் சாப்பிட்டுக்கொண்டே கூட்டத்தை நடத்துவது என ஒருமனதாக முடிவானது. வாயில் உணவோடு பேசலாகாது என்று எங்கள் விதிகளில் எங்கும் இல்லை. இக்குறையை நான் குறித்துவைத்திருக்கிறேன்.

முதலில் மனுவை வாசிக்கும்படி போதகரைக் கேட்டேன். அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி, கையொப்பங்களோடு வாசித்தார். "இந்தத் தேசம் கிறிஸ்தவர்களுக்கே உரியது என அறிவிக்கும், ஆர்வில் டாலன், சீஸ் உருளைக்கிழங்கு… டெலோரஸ் நிகார்ட், கேரட் ஜெல்லி" என்று அவர் குரல் மாறாமல் போகப்போக, மேசை மேசையாகச் சிரிப்பு பரவி, இருபதாவது பெயருக்குமேல் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வெர்லினும் சிரித்தார். பிறகு எழுந்து பேசினார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நான் சின்னப் பையனா இந்தச் சபையில திடப்படுத்தல் எடுத்தப்ப எங்க வகுப்புல முப்பத்தொரு பேர். இந்த வருஷம் ரெண்டு பேர். பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோயிட்டான். கடைத்தெருவுல நாலு விளக்கு எரியுது. எல்லாம் கைவிட்டுப் போகுது. ஏதாவது ஒண்ணாவது நம்மளோடதுன்னு சட்டமா எழுதிவெச்சுக்கணும்னு தோணுது. அது தப்பா?"

"தப்பில்ல வெர்லின். எனக்கும் ராத்திரியில அதே பயம்தான்" என்றார் போதகர். "ஆனா சட்டம் போட்டு ஆளை முழங்கால் போடவைக்கலாம். ஜெபிக்க வைக்க முடியுமா?"

டெலோரஸ் அம்மையார் கரண்டியோடு எழுந்தார். "வெர்லின், வருஷா வருஷம் திடப்படுத்தல் நாள்ல ஒரு கதை சொல்லுவியே, உங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா நார்வேயில எதுக்கு அபராதம் கட்டினாரு?"

"போதகர் இல்லாம வீட்டுல ஆளைக் கூட்டி ஜெபம் பண்ணதுக்கு."

"அபராதம் போட்டது யாரு? துருக்கி ராஜாவா?"

வெர்லின் தட்டைப் பார்த்தார். "அரசாங்கம்."

"எந்த அரசாங்கம்?"

"…நம்ம ஆளுங்கதான். லுத்தரன் அரசாங்கம்."

"ஆமா. சட்டமும் நம்ம கையில, பள்ளியும் நம்ம கையில, கோர்ட்டும் நம்ம கையில. அதுல இருந்து தப்பிச்சுத்தான் உங்க ஆளு கப்பல் ஏறினாரு. நீ என்னடான்னா அந்தக் கப்பலைத் திருப்பணுங்கிற."

அடுத்து ஓர்ஃபிலியா எழுந்தார். குவாத்தமாலாவிலிருந்து வந்து இறைச்சி ஆலையில் வேலை செய்பவர், மூன்றாண்டாக எங்கள் உறுப்பினர். மனுவில் நாற்பதாவது கையொப்பம், எதிரே 'தமாலி, அறுபது'. சோளமாவில் கறிவைத்து, சோளமடலில் சுற்றி அவிப்பது அது.

"நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன் ஐயா. இப்பத்தான் ஒழுங்காப் படிச்சேன். நான் கிறிஸ்தவள், அதனால இந்தத் தேசம் எனக்கும் உண்டுன்னு எழுதியிருக்கீங்க. இதுவரைக்கும் எந்தக் காகிதமும் எனக்கு அப்படிச் சொன்னதில்ல, ரொம்ப சந்தோஷம். ஆனா ஆலையில என் பக்கத்துல கத்தி பிடிக்கிறவரு பேரு ஹசன். என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஓடினப்ப என் வேலையையும் சேர்த்து அவருதான் பார்த்தாரு, அஞ்சு நாள். அவரோட பங்கைப் பிடுங்கி எனக்குக் குடுத்தா நான் எப்படி வாங்குவேன்? நீங்க வாங்குவீங்களா?"

எல்லாரும் வெர்லினைப் பார்த்தார்கள். வெர்லின் மென்றுகொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆயிற்று, மென்றுகொண்டே இருந்தார். இரண்டாவது நிமிடம் அவர் கண்ணில் நீர் கோத்தது. மனம் உருகிவிட்டார் என்றே நான் குறிப்பேட்டில் எழுதினேன். ஓர்ஃபிலியா அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "ஐயோ, மடலை உரிச்சுட்டுச் சாப்பிடணும் ஐயா" என்றார். வெர்லின் மிகுந்த சிரமத்துடன் விழுங்கி, "நல்லாத்தான் இருந்துச்சும்மா. கொஞ்சம் நாராட்டம் இருந்துச்சு, சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு" என்றார். அது அவருடைய இரண்டாவது தமாலி என்பதும் பிறகு தெரியவந்தது.

சிரிப்பு அடங்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. டெலோரஸ் அம்மையார் மாற்றுத் தீர்மானம் கொண்டுவந்தார்: சிலுவையை எதுவும் மறைக்கலாகாது, கொடி வெளியே கம்பத்தில் பறக்கட்டும், இந்த நாடு இதில் வாழும் எல்லாருக்கும் உரியது, அவர்கள் எல்லாருக்காகவும் ஆள்வோருக்காகவும் ஞாயிறுதோறும் பெயர்சொல்லி ஜெபிக்கிறோம். ஆதரவு எண்பத்துமூன்று, எதிர்ப்பு பதின்மூன்று. போதகர் தம் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிக் கிழித்து, கேரட் ஜெல்லியில் போட்டார். ஜெல்லிக்கு ஒரு பயன் கிடைத்தது என்று டெலோரஸ் அம்மையாரே சொன்னார்.

ஆகவே தங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இது: மனுவை முழுமையாக உரக்க வாசிக்கவும். எழுதியவரைப் பேசவிடவும். அவருடைய பயத்துக்குச் செவிகொடுத்து, அவருடைய தீர்மானத்துக்கு 'இல்லை' என்று தெளிவாகச் சொல்லவும். இவ்வளவும் நடக்கும்போது அவருக்குச் சாப்பாடு பரிமாறவும். எல்லாம் விதிப்படி நடந்தால் எதுவும் நன்றாகவே முடியும் என்பதற்கு எங்கள் சபை சாட்சி.

தங்களுக்கும் தங்கள் இதழுக்கும் சமாதானமும், அச்சகத்தாருக்குப் பொறுமையும் பெருகுக.

கிறிஸ்துவின் பணியில்,
ஹார்லன் டோஸ்ட்ரூட்
செயலர்

பின்குறிப்பு: மேற்கண்ட எதுவும் செல்லாது. உறையை ஒட்டும் வேளையில் வெர்லின் ஒரு நாள்காட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சிறப்புக் கூட்டத்துக்கு முழுசா பத்து நாள் அவகாசம் குடுக்கணும், இல்லியா? அறிவிச்ச நாளும் கூடுற நாளும் சேர்த்தியில்ல. நீ நாலாம் தேதி அறிவிச்ச. எண்ணிப் பாரு."

எண்ணினேன். ஒன்பது நாள். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

"இதை எப்போது கண்டுபிடித்தீர்கள்?"

"கூட்டத்துக்கு முந்தின நாளே. தோத்தா எடுத்து விடலாம்னு வெச்சிருந்தேன். இப்ப வேணாம்னு தோணுது. பாஸ்டரம்மாவை மறுபடி நிக்கவெக்க எனக்கு மனசு வரல. உள்ள வெச்சிருந்தாத் தூக்கம் வராது, அதான் உன்கிட்ட சொல்லிட்டேன். வேற எவனும் எண்ணப் போறதில்ல. நீயும் வாயைத் திறக்காத."

"செல்லாதது செல்லாததுதான், வெர்லின்."

"அடேய், தோத்தவன் நான், விட்டுத்தொலைங்கிறேன். ஜெயிச்சவன் நீ, விடமாட்டேங்கிறியே" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "சரி, மறுபடி கூட்டு. நான் என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கறேன். அந்தப் பொண்ணு தமாலி கொண்டுவருமா, கேட்டுச் சொல்லு" என்று போய்விட்டார்.

எனவே, தாங்கள் எதையும் அச்சிட வேண்டாம். நாளைக் காலை ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து நின்று, தீர்மானம் செல்லாது, தவறு என்னுடையது என்று அறிவிப்பேன். அக்டோபர் 12 அன்று மறுகூட்டம் கூட்டுவேன். இடையில் பதின்மூன்று முழு நாள்கள் உள்ளன, மூன்றுமுறை எண்ணிவிட்டேன். நடுநிலை கெடக்கூடாது என்று இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் நான் எந்த வாக்கெடுப்பிலும் கலந்துகொண்டதில்லை. அப்படி ஒரு விதி கிடையாது, அது என் வசதி மட்டுமே. அன்று போதகர் பக்கத்துக்கு வாக்கு கேட்கும்போது, எல்லாரும் பார்க்க, முதல் ஆளாக நான் கை உயர்த்துவேன்.