டைப் அடித்த பிறகு வந்த குழந்தை

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. வேலை நடந்து முடிந்ததாக முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, அது எழுதினபடியே நடக்கிறதா என்று வாசலில் நின்று காவல் காக்கிறவர்கள். இவர்களைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள், கூட்டுறவுச் சங்கத்தில் பார்த்திருப்பீர்கள், கல்யாண மண்டபத்தில் கையில் பட்டியலோடு பந்தியை மறித்து நின்றபோது பசியோடு பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த இனம் கொழுத்து வளர்வது ஆஸ்பத்திரியில்தான். அதுவும் அரசாங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அழகிரிசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூர் மில் ஒன்றில் முப்பது வருடம் டைம் ஆபீசில் இருந்தவர். மில்லை மூடிய பிறகு, கோட்டைமேட்டில் டாக்டர் சாஜிதா பேகம் நடத்திவந்த பன்னிரண்டு படுக்கை பிரசவ ஆஸ்பத்திரிக்கு மேனேஜராக வந்து சேர்ந்தார். முதல் நாளே டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "காகிதமெல்லாம் நீங்க பாத்துக்குங்க சார். மனுசங்களை நான் பாத்துக்கறேன்." பாவம், காகிதமும் மனிதர்களும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பது அந்த அம்மாளுக்கு அப்போது தோன்றவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடத் தொடக்கத்தில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகள் மாதாமாதம் தர அறிக்கை அனுப்ப வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்த்துத் 'திருப்தி' என்று எழுதினால்தான் பதிவுச் சான்றிதழ். இல்லாவிட்டால் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அழகிரிசாமி மட்டும் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒம்பது கட்டமுங்க! அருமையா இருக்குதுங்க!" என்று கண் கலங்கினார்.

இரண்டே மாதத்தில் ஒன்பதை ரத்து செய்துவிட்டு இருபத்தொரு கட்டம் என்றார்கள். அதை நிரப்பி மை காய்வதற்குள், எண்ணிக்கை கூடாது, எல்லாம் சதவீதத்தில் வேண்டும் என்றார்கள். பிறகு எண்ணிக்கையும் வேண்டும் என்றார்கள். வேறொருவராக இருந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஆடு மேய்த்திருப்பார். இவரோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புது நோட்டு வாங்கி, சிவப்பு மையில் கோடு போட்டு, 'பிரசவித்தவர்களில் பெண்கள்: நூற்றுக்கு நூறு' என்று எழுதி அனுப்பினார். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எப்படிச் சமாளித்தார் என்கிறீர்களா? நோயாளி பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று ஒரு கட்டம். டாக்டரம்மாவைப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும் என்பது கோட்டைமேட்டுக் குழந்தைக்கும் தெரியும். அழகிரிசாமி கூடத்தில் கிடந்த இரண்டு பெஞ்சுகளையும் ஒரு நாள் முழுக்க உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஞானம் பிறந்துவிட்டது. வாசல் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். டாக்டர் அறையை ஒட்டிய பெஞ்சுக்கு நகர்ந்த பிறகுதான் அவர்கள் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. அந்தப் பெஞ்சில் யாரும் ஏழு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்ததே இல்லை. ஏழு என்றே எழுதினார். பொய்யா? நீங்களே சொல்லுங்கள்.

புகார்ப் பதிவேடு இன்னொரு கதை. ஒரு புகாரும் இல்லையென்றால் மறைக்கிறோம் என்று நினைப்பார்கள். நாலைந்து இருந்தால் ஆஸ்பத்திரி சரியில்லை என்பார்கள். ஆகவே மாதம் இரண்டு என்று முடிவு செய்தார். இரண்டையும் தானே இடது கையால் எழுதுவார்: 'மின்விசிறி சத்தம் போடுகிறது.' கீழே வலது கையால் பதில்: 'எண்ணெய் விடப்பட்டது.' ஒருநாள் சத்தியமங்கலத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த ஐயாசாமி என்பவர் நிஜமாகவே ஒரு புகாரோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, சிறுவாணித் தண்ணி வர்ற ஊருல, கை கழுவ ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்களே?"

"வாஸ்தவமுங்க. ஆனா இந்த மாசத்துப் புகாரு ரெண்டும் முடிஞ்சுபோச்சுங்க. அடுத்த மாசம் மொதப் புகாரா உங்களுதைப் போட்டுர்றேனுங்க."

ஐயாசாமி நன்றி சொல்லிவிட்டுப் போனார். கொங்கு நாட்டு மரியாதை அப்படிப்பட்டது.

இப்படியாக ஜூலை முப்பத்தொன்றாம் தேதி வந்தது. பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். அழகிரிசாமி முந்தின நாளே அந்த மாதத்தை முடித்துவிட்டார். பிரசவம் பதினான்கு, சிக்கல் இல்லை, குறை இல்லை, கார்பன் வைத்து ஆறு பிரதி. பிரசவ அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவி, அதிகாரி பார்க்கும் வரை ஒரு கால் படக்கூடாது என்று பூட்டிவிட்டார். கடைசியாக வந்த சுற்றறிக்கைப்படி அறைகளுக்கு வாசலிலிருந்து வலமாக எண் போட வேண்டும் என்பதால், மூன்றாம் எண்ணாக இருந்த பிரசவ அறை ஏழாம் எண் ஆகிவிட்டது. கதவுகளில் எல்லாம் புது எண் எழுதியாயிற்று. சாவிகளில் இன்னும் எழுதவில்லை. அதற்கு ஆகஸ்டில் நாள் குறித்திருந்தார்.

பத்தரை மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெரிய கடை வீதியில் தையல் கடை வைத்திருக்கும் கரீம், நிறைமாத மனைவி ரம்லாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தலைப்பிரசவம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜருங்க, வலி வந்துருச்சுங்க. டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க."

டாக்டரம்மா மாடியில் ஒரு ஆபரேஷனில் இருந்தார். அழகிரிசாமி ரம்லாவைப் பார்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஆகஸ்ட் பத்துன்னுதானுங்களே டாக்டரம்மா தேதி குடுத்தாங்க?"

"கொழந்தைக்கு அது தெரியலீங்களே!"

"இன்னைக்கு ஒரு நாளு பொறுத்துக்க முடியாதுங்களா அம்மணி? நாளைக்கு ஒண்ணாந்தேதிங்க. புது மாசத்துல மொதப் பேரா உங்களுதைப் போட்டுர்லாமுங்க."

கரீமுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "பொறுக்கறதா? என்னங்க பேசறீங்க?"

"பதினாலுன்னு டைப் அடிச்சாச்சுங்க" என்றார் அழகிரிசாமி பரிதாபமாக.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பெண்களைப் பெற்று, மூன்று பேரையும் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொண்டவர். ரம்லாவை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி, தம்ளரில் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் பதினைந்து என்று ஆனால் சதவீதம் அத்தனையும் மாறும். ஆறு பிரதியையும் மறுபடி அடிக்க வேண்டும். இன்னும் அரைமணியில் அதிகாரி வருவார். பிழை கண்டால் சான்றிதழ் போகும், போர்டு இறங்கும். போர்டு இறங்கிவிட்டால் ரம்லா மாதிரிப் பெண்கள் எங்கே போவார்கள்? ரம்லாவின் நன்மைக்காகவே ரம்லாவை உள்ளே விடாமல் இருப்பதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவரோ தோட்டத்தில் காய்த்த சுரைக்காய் ஏட்டில் இல்லை என்று அதைத் திருப்பி அனுப்புகிறவர்.

சத்தம் கேட்டு நர்ஸ் ரங்கம்மாள் வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவள். ரம்லாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மேனேஜருங்க, லேபர் ரூம் சாவியக் குடுங்க."

"அதிகாரி ஒருக்கா பாத்துட்டுப் போயிரட்டுமே ரங்கம்மா. பினாயிலு போட்டுத் தொடச்சு..."

"அதிகாரியா புள்ள பெறப் போறாரு?"

அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். கையில் ஒரு கோப்பு, மூக்கில் தடித்த கண்ணாடி, முகத்தில் அன்றைக்கு இன்னும் நான்கு ஆஸ்பத்திரி பாக்கி என்ற களைப்பு. உள்ளே வந்தவர் வாசல் பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இந்தம்மா யாருங்க?"

"அவங்க வந்துட்டு இருக்காங்க சார்."

"அதான் வந்து உக்காந்திருக்காங்களே?"

"இது மொதப் பெஞ்சுங்க சார்" என்று அழகிரிசாமி விளக்க ஆரம்பிக்கும்போதே ரம்லா வீரிட்டாள். அந்தச் சத்தத்தில் ஜீப் டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ரங்கம்மாள் அழகிரிசாமியின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, ஏழாம் எண் கதவில் ஏழாம் எண் சாவியைப் போட்டுத் திருகினாள். திறக்கவில்லை. எட்டைப் போட்டாள். ஆறைப் போட்டாள். பழைய எண் மூன்று என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை, எண் போட்டவருக்கும்கூட.

பக்கத்தில் ஆளில்லாமல் திறந்து கிடந்த ஒரே அறை மேனேஜர் அறை. அங்கே அதிகாரிக்காக மேஜைமேல் புது வெள்ளை விரிப்பு, புது சோப்பு, புதுத் துண்டு, நூறு வாட் பல்பு, பிளாஸ்க் நிறைய வெந்நீர். அன்றைய தேதியில் கோயமுத்தூரிலேயே அவ்வளவு தயாராக இருந்த பிரசவ அறை வேறு இல்லை. ரங்கம்மாள் ரம்லாவைத் தாங்கியபடி அங்கே நுழைந்து, மேஜைமேல் முழங்கையால் ஒரு வீசு வீசினாள். ஆறு பிரதியும் தரைக்குப் போயின.

"ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போங்க!"

அதிகாரியும் அதில் அடக்கம்.

வாசல் பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கரீம் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ரங்கம்மாளின் குரல் மட்டும் கேட்டது: "முக்கு கண்ணு... இன்னும் ஒருக்கா... அவ்வளவுதான் கண்ணு..." பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. அந்தப் பெஞ்சில் இருப்பவர்கள் காத்திருக்கத்தான் செய்கிறார்கள் என்பது அழகிரிசாமிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திடீரென்று உள்ளே எல்லாச் சத்தமும் நின்றுபோனது. குழந்தை அழவில்லை. கரீம் எழுந்து நின்றான். அழகிரிசாமிக்குச் சான்றிதழ், சதவீதம், போர்டு எதுவும் நினைவில் இல்லை. அவினாசியப்பா, பதினஞ்சாவே இருக்கட்டும், அது அழுதாப் போதும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அழுதது. கோட்டைமேடு முழுக்கக் கேட்கிற அழுகை.

ஆபரேஷனை முடித்துக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்த டாக்டரம்மா தாயையும் பெண் குழந்தையையும் பார்த்து, இரண்டு பேரும் சுகம் என்றார். கரீம் சுவரில் சாய்ந்து அழுதான். அதிகாரி குனிந்து தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கினார். அழகிரிசாமியைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதுல பதினாலுன்னு இருக்குதுங்களே?"

"ஆமாங்க சார்."

அதிகாரி குரலை இறக்கினார். "நேத்து போன்ல நீங்க சொன்ன கணக்கை வச்சு, ஆஸ்பத்திரிய நேருல பாத்தேன், பிரசவம் பதினாலு, திருப்தின்னு நானும் எழுதி, மேலிடத்துக்கு அனுப்பிச்சுப்போட்டேனுங்க. இந்தக் கொழந்தையை நாளைக்குப் பொறந்ததா வச்சுக்கலாமுங்களா?"

பாருங்கள், இனம் இனத்தோடு எங்கே வந்து சேருகிறது என்று! நேற்றுவரை இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் அழகிரிசாமி அந்த மனிதரின் காலில் விழுந்திருப்பார். இப்போது அவருக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் ஓர் அதிகாரிமேல் அவருக்கு வந்த முதல் கோபம். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார். ஆறு பிரதியிலும் பதினான்கை அடித்தார். மேலே பதினைந்து என்று எழுதினார்.

"இன்னைக்குத்தானுங்க சார் பொறந்துச்சு. நீங்களும்தான் கூட உக்காந்திருந்தீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் முகத்தோடு, "அப்ப என்னுதையும் திருத்தோணும்" என்றார். திருத்தி, மேலிடத்துக்கு மறுபடி அனுப்பினார். சான்றிதழும் பின்னால் வந்துவிட்டது.

ஆகவே அழகிரிசாமி திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டீர்களா? மறுநாள் காலை ஒரு புது நோட்டோடு வந்தார். சிவப்பு மையில் கோடு போட்டார். அட்டையில் முத்து முத்தாக எழுதினார்: 'எதிர்பாராமல் வருகிறவர்கள் பதிவேடு.' மத்தியானம் ரங்கம்மாள் அதைத் திறந்து பார்த்தாள். ஆகஸ்டில் மூன்று பேர். செப்டம்பரில் இரண்டு. அக்டோபரில் நான்கு, அதில் ஒன்று இரட்டை.

"இதென்னுங்க இது?"

"டிசம்பர் வரைக்கும் எழுதிப்போட்டேன் ரங்கம்மா. இனி எதிர்பாராம யாரு வந்தாலும் நாம தயாருங்க!"

சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு யாராவது இந்த அழகிரிசாமியைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கிறதல்லவா? அதை எப்போது எழுதி முடித்தீர்கள்? ரம்லாவுக்குக் குழந்தை பிறந்த பிறகா, அதற்கு முன்னாலேயா?