தைவான் கேட்ட வீட்டு இலக்கம்

ஹாலிஎல,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் தயாபரனுக்கு,

கொழும்பில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உன் அக்காவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம்.

நீ தேடிக் கொடுத்த தைவான் பல்கலைக்கழகம் உன் மருமகள் விதுஷாவுக்குப் புலமைப்பரிசில் கொடுத்துவிட்டது. இரண்டு வருடம் மண்சரிவைப் பற்றிப் படிக்கலாம். விலாசத்தை உறுதிப்படுத்தும் பத்திரம் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. விளிம்பில் வாழும் மாணவருக்கென்றே ஏற்படுத்திய திட்டமாம். விளிம்பிலும் வீட்டு இலக்கம் இருக்க வேண்டுமாம். அவளுடைய அடையாள அட்டையில் தேயிலைத் தோட்டத்தின் பெயர் மட்டும் இருப்பதால் அது செல்லாது.

கிராம சேவகரிடம் போனோம். தோட்டத்துக் கடிதம் இல்லாமல் அவர் கையெழுத்திட மாட்டாராம். தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கர் தொழிலாளர் பதிவேட்டைப் புரட்டினார். உன் அக்கா வேலையிலிருந்து நின்றதோடு எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் அதில் இல்லை.

"வேலைக்கு வராத ஆளு இங்க இருக்குன்னு நா எப்படி மாஸ்டர் எழுதுறது?"

"இருவத்திமூணு வருசமா இந்தா, இந்த லயத்து வீட்டுலதாங்க இருக்கேன்" என்றாள் விதுஷா.

"இருக்கலாம் பாப்பா. பதிவுல இல்லியே."

அந்த மனிதருக்குத் தோட்டப் பள்ளியில் வாய்ப்பாடு படிப்பித்தவன் நான். அத்தோடு நிறுத்தியது என் குற்றம்.

ஒரு நாள் கொழுந்தெடுக்க வந்தால் பெயர் ஏறிவிடும் என்று அவரே வழி சொன்னார். ஆக, புவியியல் பட்டதாரி திங்கட்கிழமை விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறி, பொழுதுக்கும் நின்று நாலு கிலோ எடுத்தாள். கங்காணி கூடைக்குள் எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, ஒன்னொன்னா பேரு கேட்டுட்டுக் கிள்ளுனியா?" என்றார். மறுநாள் கடிதம் கேட்டால், ஆறு மாதம் விடாமல் வேலை செய்தால்தான் தருவார்களாம்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தேவை மாணவியல்ல மச்சான், ஒரு கதவு. தோட்டத்துக்குத் தேவை ஆளல்ல, இரண்டு கை. இரண்டுக்கும் நடுவில் என் மகள் எங்குமே குடியிருக்கவில்லை. இடம் வேண்டாமென்று இன்றைக்கே எழுதிவிடச் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையைக் கழுவிக் காய வைத்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களாவது கதவில் இலக்கமுள்ள வீட்டில் வளர்கிறார்கள்.

இப்படிக்கு,
அத்தான் வீரய்யா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆபீஸ் பியோன் வந்தான். செவ்வாயும் புதனும் அறிவிக்காமல் வேலைக்கு வராததற்கு விதுஷாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். முழுப்பெயர், லயம் இலக்கம் ஏழு, அறை இலக்கம் நான்கு, தோட்டத் துரையின் கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருக்கிறது. அதைப் படமெடுத்து அப்படியே தைவானுக்கு அனுப்பினாள். அரை மணியில் பதில்: விலாசம் உறுதியாயிற்று, வருக. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கி வை. வேலைக்கு வராததற்குச் சனிக்கிழமை ஆபீசில் விசாரணையாம். அவளுக்குப் பதிலாக நான் போகிறேன், கிளாக்கருக்கு ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு.