கசேரை மாமாவின் கப்பல் சிட்டவுட்

பாறசாலையில் தொடங்கி நெய்யாற்றங்கரை வரைக்கும் உள்ள எல்லா வீடுகளுக்கும் போனவர், ஆனால் ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாதவர் என்று உலகத்தில் ஒருவரைத்தான் காட்ட முடியும். அவர் எங்கள் தெரு கசேரை மாமா. கல்யாண வீடோ, சாவு வீடோ, பால்காய்ச்சு வீடோ, எதுவானாலும் அவருடைய பயணம் சிட்டவுட்டோடு முடிந்துவிடும். உள்ளே வரச் சொல்லி மந்திரியே கையைப் பிடித்து இழுத்தாலும், "நான் இங்கினயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிடுவார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு முகப்பில் கூரை போட்டு, தெருவைப் பார்க்கத் திறந்துவிட்டு, வந்தவரை உட்கார வைக்க நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்போமே, அதற்குத்தான் எங்கள் பக்கத்தில் சிட்டவுட் என்று பெயர். நாற்காலியைக் கசேரை என்போம். மாமா உதியன்குளங்கரையில் கசேரை, பந்தல் துணி, பிரியாணிச் செம்பு எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அதனால் அந்தப் பெயர். ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று சபை போதகருக்கே சந்தேகம்.

அவர் பெண் பார்க்கப் போன கதை பிரசித்தம். உறவுக்காரர்கள் எல்லாம் உள்ளே போய்ப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும் சிட்டவுட்டில் உட்கார்ந்திருந்தாராம். பெண்ணின் தம்பி சாயா கொண்டுவந்து கொடுத்தான். குடித்து முடித்து, சம்மதம் என்றார். பெண்ணைப் பார்க்கவில்லையே என்று கேட்டதற்கு, "சாயா பாத்தேன். மதி" என்று, அதுவே போதும் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அந்தச் சாயாவைப் போட்டவர்தான் கிரேஸ் மாமி. மாமியின் முகத்தை மாமா முதன்முதலில் பார்த்தது கோயிலில் மோதிரம் மாற்றும்போதுதான்.

மாமாவின் வீட்டில் அறை இரண்டு. அடுக்களையில் பப்படம் பொரிக்க வேண்டுமானால் மாமி பக்கவாட்டில் திரும்பித்தான் நிற்க வேண்டும். ஆனால் சிட்டவுட்டில் ஒரு ஸ்கூல் பஸ்ஸை நிறுத்தலாம். ஒரு மழைநாளில், புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர் ஒருவர் அதைப் பஸ் நிழற்குடை என்று நினைத்து மணியடித்து வண்டியை நிறுத்திவிட்டார். இரண்டு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் ஏறினார்கள். யாரும் திருத்தவில்லை. இன்றைக்கும் பஸ் அங்கே நிற்கிறது.

நீளம் அகலம் எல்லாம் மாமாவுக்குக் கசேரையில்தான் கணக்கு. நான் புது வீடு கட்டியபோது வெளியிலிருந்தே ஹாலை எட்டிப் பார்த்து, "பன்னிரண்டு கசேரை இடும். நெருக்கி இட்டா பதினாலு" என்றார். இன்ஜினீயர் சொன்ன சதுரஅடி எனக்கு மறந்துவிட்டது, அந்தப் பன்னிரண்டு மறக்கவில்லை. விழிஞ்ஞத்துக் கடலைப் பார்த்துவிட்டு வந்த அன்று மட்டும் கொஞ்சம் சோர்வாக இருந்தார். எத்தனை என்று கேட்டேன். கையை விரித்துவிட்டார்.

தெருவில் போகிற யாரும் அவருக்குக் கணக்குச் சொல்லாமல் போக முடியாது. எனக்குக் காட்டாக்கடையில் ஒரு டுட்டோரியல் காலேஜில் வாத்தியார் வேலை. தினமும் ஒரே நேரம், ஒரே பை, ஒரே குடை. தினமும் ஒரே கேள்வி.

"எலே மக்கா, எங்க போற?"

"காட்டாக்கடைக்கு, மாமா."

"என்ன விசேஷம்?"

"வேலைக்காக்கும்."

"இன்னைக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பயந்து ரப்பர் தோட்டம் வழியாகக் கொசுக்கடி பட்டுக்கொண்டு சுற்றிப் போகிறவர்கள் உண்டு. ஒருநாள் நானும் அப்படிப் போனேன். மறுநாள், நேற்று ஏன் வேலைக்குப் போகவில்லை என்று அரைமணி நேரம் விசாரித்தார். கொசுவே மேல் என்று தோன்றியது.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அவருடைய மகன் ஜெபின் கப்பலில் ஏற்றப் பார்த்தான். ஜெபின் ஷார்ஜாவில் இருக்கிறான். அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்காக, கொச்சியிலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பலில் இருவரையும் அனுப்ப முடிவு செய்துவிட்டான். எந்த அறை வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துச் சொல்லச் சொன்னான். ஜன்னலே இல்லாத உள் அறையும் உண்டு, பால்கனி வைத்த அறையும் உண்டு என்று விளக்கினான். உள் அறை என்ற வார்த்தையைக் கேட்டதுமே மாமா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். மனிதர்கள் வீட்டுக்குள்ளேயே போகாதவர் கப்பலுக்குள் போவாரா? பால்கனிதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆனால் அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "நான் வரல்ல."

அவ்வளவுதான். காரணம் இல்லை. மாமிக்கு எதற்கும் காரணம் சொல்லும் வழக்கமில்லை. மாமா ஆடிப்போய்விட்டார். ஊருக்கெல்லாம் கசேரை போட்டு உட்கார வைத்தவர், மாமியைக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றங்கரையைத் தாண்டி எங்கும் போனதில்லை. இந்தப் பயணத்துக்கு அவர் மனசுக்குள் எப்படி ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். மாமி வராமல் அவர் போகமாட்டார். யோசித்துப் பார்த்து அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார். பால்கனி போதவில்லை. அவளுக்குப் பிடிக்கிற மாதிரி பெரிய பால்கனி கிடைத்தால் வருவாள்.

அன்று மாலை என்னைத் தெருவில் மறித்தார். முதல் முறையாக எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. "உனக்க லேப்டாப்ப எடுத்தோண்டு வா மக்கா" என்றார்.

கப்பலின் படத்தைத் திறந்து, அறைகள் எப்படி வரிசையாக இருக்கின்றன, நடுவில் நடைபாதை எப்படிப் போகிறது, பால்கனிகள் எப்படிக் கடலைப் பார்த்திருக்கின்றன என்று காட்டினேன். மாமா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். முகம் கறுத்தது.

"ஆளு நடக்குத வழி எது?"

நடைபாதையைக் காட்டினேன்.

"பின்னே சிட்டவுட்டு ஏன் அந்தப் பக்கம்? ரோட்டப் பாத்து சுவரு, கொல்லையப் பாத்து சிட்டவுட்டு. இத கெட்டின மேசிரி ஆருலே?"

கடலைப் பார்க்கத்தான் ஜனங்கள் கப்பலில் போகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கடல் எங்கே போகிறது, என்ன விசேஷத்துக்குப் போகிறது என்று கேட்டால் சொல்லுமா என்று திருப்பிக் கேட்டார். அடுத்த பால்கனியைத் திறந்தேன்.

ஒவ்வொரு பால்கனியாகத் தள்ளுபடியானது. ஒன்றின் முன்னால் உயிர்காக்கும் படகு தொங்கியது. அடுத்த வீட்டுக்காரன் மதில்மேல் விறகு அடுக்கிய மாதிரி இருக்கிறது என்றார். இன்னொன்றில் சாய்ந்து படுக்கும் நீள நாற்காலி போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம் என்றார். மற்றொன்று இரண்டு கசேரைதான் கொள்ளும். இரண்டு கசேரை மட்டும் போட்டு உட்கார நாம் என்ன விவாகரத்துக்குக் கோர்ட்டு வாசலிலா காத்திருக்கிறோம் என்றார்.

கடைசியில் கப்பலின் பின்பக்க மூலையில் ஒரு பால்கனி அகப்பட்டது. இரண்டு பக்கம் திறப்பு. ஆறு கசேரை தாராளமாகப் போடலாம். அங்கிருந்து எடுத்த படத்தில், கப்பல் வந்த வழியெல்லாம் தண்ணீரில் வெள்ளையாக ஒரு பட்டை நேராக நீண்டு போனது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது ரோடில்லா?"

"தண்ணியாக்கும் மாமா. கப்பலு போன தடம். அதுல ஆளு வராது."

"வராண்டாம். ரோடு உண்டில்லா, அது மதி."

இனி மாமிக்குப் பிடிக்க வேண்டும். படத்தில் காட்டினால் மாமிக்கு விளங்காது என்று மாமா நினைத்தார். அதனால் சனிக்கிழமை வீட்டு முற்றத்திலேயே பால்கனியைக் கட்டிவிட்டார். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டார். கடையிலிருந்து பந்தல் கம்பி கொண்டுவந்து கைப்பிடி வைத்தார். கல்யாண மேடைக்குக் கட்டுகிற நீல சாட்டின் துணியை அதற்கு முன்னால் விரித்துக் கடலாக்கினார். நடுவில் வெள்ளைத் துணி ஒன்றை நீளமாகப் போட்டு ரோடும் ஆக்கினார். ஆறு கசேரை போட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அது பால்கனியேதான். ரப்பர் தோட்டம் வழியாகச் சுற்றிப் போகிறவர்கள்கூட அன்றைக்கு நேர்வழியில் வந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று மாமா கேட்பதற்கு முன்னாலேயே, கப்பல் பார்க்க என்று சொன்னார்கள். போதகர் வந்தார். கடற்பயணத்துக்காக ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டு முதல் கசேரையில் உட்கார்ந்தார். ஆட்டோ ஓட்டும் சுனில் வந்தான். கோட்டுகாலிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் தாசனை, கடல் தெரிந்தவர் என்று மரியாதையாக அழைத்து நடுவில் உட்கார வைத்தார் மாமா. தாசன் சாட்டின் துணியைக் கூர்ந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரிதான், இவ்வளவு உயரத்தில் காற்றுக்கு வேட்டி நிற்காது, பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொன்னார். அதோடு கப்பல் விஷயம் முடிந்து, மீன் விலை, ரோட்டுப் பள்ளம், சுனிலுக்குப் பெண் பார்ப்பது என்று பேச்சு சுகமாகப் போனது.

மாமி சாயா கொண்டுவந்தார். குடித்தோம். ஒருவர் எழுந்து போக இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். மாமி மறுபடியும் சாயா கொண்டுவந்தார். உட்காரத்தான் ஆறு கசேரை இருந்ததே, அது எப்போதும் நிரம்பியே இருந்தது. மூன்றாவது முறை தட்டோடு வந்து நின்ற மாமியிடம் மாமா பெருமையாகக் கேட்டார்.

"எப்படி உண்டு கிரேசு? இதுபோல பால்கனி ஆருக்குக் கிட்டும்? இனி வருவியா?"

மாமி தட்டைக் கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். கிட்டத்தட்ட கடலில் வைத்தார்.

"ஆறு கசேரை கெடந்தா ஆறு ஆளு வரும். ஆளு வந்தா நான் எழும்பணும்."

"கப்பல்ல சாயா போட வேலைக்காரரு உண்டு கிரேசு. நடுக்கடல்ல நமக்க சிட்டவுட்டுக்கு ஆரு வரப்போறா?"

"நீங்க இருந்தா வரும். போற வாற ஆளையெல்லாம் விளிச்சு இருத்துவிய. கல்யாணம் கழிஞ்ச நாளுதொட்டு இந்த சிட்டவுட்டுல நான் ஒரு தடவ இருந்தது உண்டா? எழும்பாம இருக்க ஒரு எடம் உண்டுன்னா சொல்லுங்க. அப்ப வாறேன்."

குரல் உயரவில்லை. முதலில் போதகர் எழுந்தார். தன் கிளாஸைத் தானே கொண்டுபோய்க் குழாயடியில் கழுவி வைத்தார். பின்னாலேயே தாசனும் சுனிலும் நானும் வரிசையாகப் போய்க் கழுவினோம். திரும்பி வந்து பார்த்தால் மாமா தனியாகச் சாட்டின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகும்போது எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்ததும் என் வீட்டு வாசலில் மாமாவின் குரல் கேட்டது. வழக்கம்போல உள்ளே வரவில்லை.

"மக்கா, சரியா ரெண்டு கசேரை மட்டும் இடுதது போல ஒரு பால்கனி பாரு. மூணாமத்தது இட்டா அது கடல்ல கெடக்கணும்."

தேடினோம். அப்படியும் ஒன்று இருந்தது. காலை மடக்கித்தான் உட்கார முடியும். அதன் முன்னாலும் ஒரு படகு தொங்கியது. மாமா அதைக் கொண்டுபோய் மாமியிடம் காட்டச் சொன்னார். அடுக்களை வாசலில் நின்று லேப்டாப்பைத் திருப்பினேன். மாமி கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நேற்று முற்றத்தில் கட்டியது எது என்று கேட்டார். பின்பக்க மூலையைக் காட்டினேன். வெள்ளைத் தடம் நீண்டு போகிற படத்தில் அவர் கண் நின்றது.

"இது மதி."

சிட்டவுட்டிலிருந்து மாமா பதறினார். "அதுல ஆறு கசேரை இடும், கிரேசு."

"இடண்டாம். ரெண்டு மதி. மிச்ச எடம் சும்மா கெடக்கட்டும்."

"சும்மாவா?"

"சும்மா."

இடம் என்று ஒன்று இருந்து, அதில் கசேரை போடாமல் விடலாம் என்பதை மாமா வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார். அன்று முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சுனில் சொன்னான். மாலையில் ஜெபினைக் கூப்பிட்டு, பின்பக்க மூலை, இரண்டு கசேரை, மூன்றாவது இருந்தால் எடுத்துவிடச் சொல்லு என்றார்.

கப்பல் கிளம்பிய மறுநாள் என் போனுக்கு ஒரு படம் வந்தது. அதே பால்கனி. ஒரு கசேரையில் மாமி உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு கசேரையில் மாமியின் இரண்டு காலும் நீட்டியிருக்கின்றன. எதிரே ஆளில்லாத வெள்ளை ரோடு அடிவானம் வரைக்கும் போகிறது. அப்படியானால் மாமா எங்கே? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவில் படம் எடுத்தவரின் பிம்பம் தெரிந்தது. வேட்டிக்குப் பதில் பேன்ட் போட்டுக்கொண்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் சாயாக் கோப்பையுமாக மாமா அறைக்குள் நின்றிருந்தார். கூடவே குரலில் ஒரு செய்தி.

"மக்கா, உள்ளயும் நல்லாத்தான் இருக்கு, கேட்டியா."

அந்த நாட்களில் எங்கள் தெரு ஒரு மாதிரி கிடந்தது. பஸ் மட்டும் வழக்கம்போல அங்கே வந்து நின்றது. ரப்பர் தோட்டம் வழியாக யாரும் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. படம் வந்த மறுநாள் காலை அதே பை, அதே குடையோடு அந்தப் பெரிய சிட்டவுட்டுக்கு முன்னால் வந்தபோது என் கால் தானாகவே நின்றது. கசேரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை.

"காட்டாக்கடைக்கு, மாமா. வேலைக்காக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.