ஐந்து பிக்கோஃபாரட் அருள்

அந்தக் கூடத்தில் அருள் இறங்கியதற்கு மூல காரணம் ஒரு கணக்குத் தப்பு. தப்பைச் செய்தவர் வைண்டிங்காரர். மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் கம்பி சுற்றிப் பிழைப்பவர்.

பின்னாளில் மின்னலார் என்று புகழ்பெற்றவர் அப்போது வெறும் மேடை அலங்காரக்காரர். ஆளுயரச் சுருள், அதன் தலையில் அலுமினிய வளையம், வளையத்திலிருந்து மின்னல் பாய வேண்டும் என்று கேட்டு வந்தார். வளையம் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று தெரிந்தால்தான் அடியில் இருக்கிற சின்னச் சுருளுக்கு எத்தனை சுற்று என்று சொல்ல முடியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மின்னல் வராது. அளந்து பார்த்திருக்கலாம். ஆனால் வைண்டிங்காரருக்குத் தன் மூளைமேல் அபார மரியாதை. வளையத்தின் குறுக்களவைச் சூத்திரத்தில் போட்டு, பழைய ரசீதின் முதுகில் அந்தக் கொள்ளளவை 'முப்பது பிக்கோஃபாரட்' என்று எழுதி அடிக்கோடும் இழுத்தார். அடிக்கோடு மட்டும் சரியாக இருந்தது.

முதல் ஓட்டத்தில் ஒரு பொறிகூட இல்லை. தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அலங்காரக்காரரின் மச்சான், பீரோ மாதிரி ஆள், என்ன ஆச்சு என்று வளையத்துக்கு இரண்டு முழம் தள்ளி வந்து நின்றார். படாரென்று அந்தப் பக்கம் நட்டிருந்த கம்பிக்கு ஊதா மின்னல் பாய்ந்தது. மச்சான் விலகினார்; நின்றது. வந்தார், பாய்ந்தது.

"என் தப்புங்க. கொஞ்சம் குறையுது. ஒரு சுத்து மாத்தினா சரியாயிடும்" என்றார் வைண்டிங்காரர்.

"தொடாதீங்க" என்றார் அலங்காரக்காரர். "இப்படியே இருக்கட்டும்."

அடுத்த மாதமே அவர் மின்னலார். வாசலில் வரிசை தெருமுனை வரை. மச்சான் நின்ற இடத்தில் பதித்த செப்புத் தகட்டில் நின்றால், புண்ணியவானுக்கு மட்டும் பக்கத்துக் கம்பியில் மின்னல் இறங்கும். இறங்காதவர்களுக்கு வினை பாக்கி. மறுபடி சீட்டு வாங்கி வர வேண்டும். ஊரில் உள்ள தொப்பைகளுக்கெல்லாம் திடீர் ஆன்மிக மதிப்பு வந்தது. ஒல்லிகள் எல்லாரும் பாவிகள். காலையெல்லாம் எடையும் அளவையும் பாடம் நடத்திவிட்டு வந்த கணக்கு வாத்தியார்கூட வரிசையில் கைகட்டி நின்றார். அவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

வைண்டிங்காரருக்கு உறைத்தது. ஆனால் வெளியே சொன்னால் கணக்குத் தப்பும் சேர்ந்து வெளியே வருமே. வாயைப் பொத்திக்கொண்டார், அக்கா அந்த வரிசையில் போய் நிற்கும்வரை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆள் பாதியாகியிருந்தாள்.

"எப்பக்கா ஆஸ்பத்திரிக்குப் போறே?"

"பார்க்கலாம்டா."

"டாக்டர் குடுத்த தேதி தாண்டி மூணு வாரம் ஆச்சு."

"மின்னல் இறங்காம கத்தி பட்டா உடம்பு தாங்காதுன்னு மின்னலார் சொல்லிட்டார். நாலு தடவை நின்னேன். ஒரு பொறி இல்ல."

"அது நான் பண்ணின மிஷின்க்கா."

"உன் மிஷினை யார் நம்பறா? அதுல இறங்கறதைத்தான் நம்பறேன். நீ ரிப்பேர் பண்ணின மிக்ஸி இன்னும் பின்பக்கமா சுத்துது."

மறுநாள் காலை, தூசி தட்ட வந்ததாகச் சொல்லி வைண்டிங்காரர் கூடத்துக்குள் நுழைந்தார். வளையத்தை முக்காலியில் வைத்து அளந்தார்: முப்பது. சுருளின் தலையில் ஏற்றி அளந்தார்: இருபத்தைந்து. வளையத்தின் அடிப்பக்கத்தைச் சுருளே மறைத்து ஐந்தை விழுங்கியிருந்தது. பக்கத்தில் வந்து நிற்கிற பெரிய உருவம் எதுவானாலும் வளையத்தின் கொள்ளளவைக் கொஞ்சம் கூட்டும்; அந்த ஐந்தைத்தான் மச்சானின் தொப்பை ஈடுகட்டியது. தகட்டில் காலித் தகர டிரம்மை வைத்தார். அதுவும் ஐந்து கொடுத்தது. துரும்பான அக்காவால் இரண்டுகூடத் தேறாது.

மதியம் வரிசை நிறைந்ததும் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு சீட்டு குடுங்க."

"யாருக்கு?" என்றார் மின்னலார்.

"டிரம்முக்கு. ரொம்ப நாளா உள்ளுக்குள்ள ஒண்ணுமில்லாம கஷ்டப்படுது."

கூட்டம் சிரித்தது. வைண்டிங்காரர் டிரம்மைத் தகட்டில் நிறுத்தியதும் மச்சான் பழக்கதோஷத்தில் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். டிரம்முக்கு அமோகமாக மின்னல் இறங்கியது. இரண்டு பேர் உடனே டிரம்மைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"இப்ப நீங்க நில்லுங்க" என்றார் வைண்டிங்காரர். மின்னலார் குச்சி மாதிரி ஆள்.

"நான் நிக்கிறதில்ல. எனக்கு எதுக்கு சோதனை?"

வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நாலு தடவை நான் நின்னேன். நீங்க ஒரு தடவை நிக்க மாட்டீங்களா?"

நின்றார். கும்மென்று ஓசை மட்டும் வந்தது. டிரம்முக்கு இருந்த புண்ணியம் அவருக்கு இல்லை.

வைண்டிங்காரர் ஸ்விட்சை அணைத்து, அடிச்சுருளில் ஒரு சுற்றை மாற்றிப் பூட்டி, எல்லாரையும் விலகச் சொல்லி மறுபடி ஸ்விட்சைப் போட்டார். யாருமே நிற்காத தகட்டுக்கு முழு அருள் கிடைத்தது.

"அஞ்சு பிக்கோஃபாரட் குறைவு. அவ்வளவுதான்" என்றார். "தப்பு என்னோடது. நான் அளக்காம கணக்குப் போட்டேன். நீங்க அளக்காம கும்பிட்டீங்க. நான் திருத்திட்டேன். நீங்க எப்ப?"

கூட்டம் மின்னலாரைச் சூழ்ந்தது. மச்சானுக்கு மட்டும் வேறு வருத்தம்: இத்தனை நாளும் தான் வெறும் தொப்பைதானா என்று.

தெருவில் அக்கா முன்னால் நடந்தாள். வைண்டிங்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எப்பக்கா ஆஸ்பத்திரிக்குப் போறே?"

"நாளைக்குக் காலையில, எட்டு மணிக்கு. கிளம்பி நில்லு. மணியையும் உத்தேசமா போடாதே, கடிகாரத்தைப் பாரு."