காவடிக்குக் குறைய வேண்டிய நாலு கிலோ

தணிகை முருகன் துணை

திருத்தணி,
ஆடி 5.

அன்பு மச்சான் தீனதயாளனுக்கு, உன் அக்கா வள்ளிநாயகியைக் கட்டியவனும், பொரிகடலை, வெல்லம் மொத்த வியாபாரியுமான உன் பாவா ராஜவேலு எழுதுவது. நகரியில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் வயிறு நிறையச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம்தான். பசியோடு சௌக்கியம். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நடுநடுவே நீ சிரிப்பாய். அதனால் தபால்.

விஷயம் இதுதான். ஆடிக் கிருத்திகைக்கு நம் குடும்பக் காவடியை இந்த வருஷம் நான்தான் தூக்குகிறேன். நீ தோளைத் தயார் பண்ணிக்கொண்டு வர வேண்டாம். போன வருஷம் நடந்ததை நான் மறைக்கவில்லை. முந்நூற்று அறுபத்தைந்து படியில் பாதி வழி மண்டபம் வரைக்கும் போனேன், மூச்சு வாங்கியது, உட்கார்ந்தேன், இருபத்தெட்டு வருஷம் என் தோளில் போன காவடி உன் தோளுக்கு மாறியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் நீ, உனக்கு அது ஒரு சுமையில்லை, சரி. அதோடு விட்டிருக்கலாம். புத்தூர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க பாவா எங்க மலை ஏறினாரு, மலைதான் அவர் மேல ஏறிச்சு"ன்னு சொன்னியாமே. சிரிப்பு அடங்கி ரசம் வருவதற்குப் பத்து நிமிஷம் ஆச்சுன்னு எனக்குத் தகவல்.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். எண்பத்து நாலு கிலோ இருக்கிறீர்கள், நாலு கிலோ குறைத்தால் தோளில் சுமை ஏற்றலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். நல்ல மனிதர், அதோடு மறந்திருப்பார். என் மகள், உன் மருமகள் பானுப்ரியா மறக்கவில்லை. சென்னையில் உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க்காரர்களை எல்லாம் ஓட வைக்கிறாளே, அவளுக்கு வீட்டிலேயே ஒரு ஆள் கிடைத்தால் விடுவாளா? ஆனி மாசமே லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். "நாலு கிலோ கொறஞ்சா காவடி, கொறயலன்னா மலைப்பாதையில பஸ்சு. அவ்ளோதான் நைனா." இப்படித்தான் தீர்ப்பு.

அன்றைக்கே சமையலறை கைமாறியது மச்சான். எண்ணெய் டின் பரணுக்குப் போனது. காலையில் கேழ்வரகுக் கூழ், பகலில் சாமைச் சோறு, ராத்திரிக்கு முளைகட்டின பயறு. பயறு என்ன பாவம் பண்ணியதோ, வேகக்கூட விடுவதில்லை. எண்ணெய் இல்லாமல் காற்றிலேயே வடை சுடுகிற பெட்டி ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறாள். கிருத்திகைக்கு ஊர்ப்பட்ட சொந்தக்காரர்கள் வருவார்களே, அதற்கு ஒத்திகையாகப் போன ஞாயிற்றுக்கிழமை அதில் உளுந்து வடை போட்டார்கள். மாவு கம்பி வழியாக இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மிஞ்சின நாலு வடையில் ஒன்றைக் கடைக்கு எடுத்து வந்தேன், மின்விசிறி போட்டால் ரசீதுகள் பறக்காமல் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இந்தச் செய்தி எப்படியோ மணவூர் வரைக்கும் போய், அங்கிருந்து என் அத்தை மகன் போன் பண்ணி, வடை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டான். காவடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடையை எண்ணுகிற கடிகாரம் ஒன்றும் என் கையில் கட்டினாள். ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி. இரண்டு நாள் நடந்து பார்த்தேன். மூன்றாம் நாள் பொரி அள்ளிக் கொட்டும்போது பார்க்கிறேன், ஒவ்வொரு அள்ளுக்கும் அது ஒரு அடி ஏறுகிறது. அப்புறம் நான் ஏன் நடக்க வேண்டும்? உட்கார்ந்த இடத்திலேயே பத்து மணிக்குள் ஒன்பதாயிரம். நாலு நாள் பானுப்ரியா என்னைப் பாராட்டினாள். ஐந்தாம் நாள் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்தபடியே கே.ஜி.கண்டிகைக்கு நடந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். கடிகாரம் இப்போது இடது கையில் இருக்கிறது. நான் வலது கைக்காரன்.

அதோடு தினமும் காலையில் மலை ஏற வேண்டும் என்றாள், காவலுக்கு உன் அக்காவையும் அனுப்பினாள். உன்னிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது? நான் பாதி வழி மண்டபம் வரைக்கும் போவேன். அங்கே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொள்வேன். யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்? உன் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று மேலே போய், கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவாள். அவள் வருவதற்குள் எனக்கு வேர்வை காய்ந்திருக்கும். கீழே இறங்கினதும் அடிவாரத்தில் டீக்கடை. அவள் பூ வாங்குகிற நேரத்துக்கு இரண்டு மசால் வடை, சில நாள் மூன்று. மலை ஏறினால் பசிக்கிறது மச்சான்.

இவ்வளவு தின்றும் எடை குறைந்தது பார், அங்கேதான் நான் ஜெயித்தேன். எங்கள் கடைத் தராசு, வருஷா வருஷம் அரசாங்க முத்திரை போட்டது, வெல்லம் மூட்டையும் டப்பாவுமாக ஏறி இறங்குகிற மேடை. கண்ணை மூடி முருகா என்று ஏறி நிற்பேன், நம்ம எடை போடுகிற கந்தன் எண்ணை வாசிப்பான், அதைக் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறப்பேன். ஆனி முழுக்க எண்பத்து நாலிலிருந்து அசையவில்லை. ஆடி பிறந்தது, கிருத்திகை வியாபாரத்துக்கு வெல்லம் வர ஆரம்பித்தது, அன்றைக்குக் காலையில் சரியாக எண்பது. நேற்றும் அதேதான், இன்றைக்கும் அதேதான். ஆடி மாசத்துக்கு ஒரு மகிமை இருக்கிறது, இல்லையென்று சொல்லாதே.

வீட்டில் பானுப்ரியா கண்ணாடியில் செய்த ஒரு எடை மெஷின் வைத்திருக்கிறாள். அது என்னை இன்னும் எண்பத்து நாலு என்றுதான் சொல்கிறது. உன் அக்காவையோ ஆறு கிலோ குறைந்துவிட்டாள் என்கிறது. முத்திரை இல்லாத மெஷின் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசும் என்று சொன்னேன். "முப்பது வருசமா எடை போட்டு வியாபாரம் பண்றவன்மா நானு. எனக்கே எடை சொல்லித் தர்றியா?" என்று கேட்டேன். உன் அக்கா மட்டும், "ஆங், நம்ம எடையெல்லாம் யாருக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

ஆகவே மச்சான், காவடி என் தோளுக்கு. எண்ணெய் டின் பரணிலிருந்து இறங்குகிறது. வடை, பாயசம், புளியோதரை, எலுமிச்சைச் சாதம் எல்லாம் பழையபடி உண்டு. நீ குடும்பத்தோடு கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்து சேர். மலை உச்சியில் உன்னைப் பார்க்கிறேன், நீ எனக்குப் பின்னால் வந்துகொண்டிருப்பாய். புத்தூர்ப் பந்தியில் இருந்தவர்களையும் முடிந்தால் கூட்டி வா.

தங்கச்சிக்கு என் ஆசி. பிள்ளைகளுக்கு முத்தமும் ஆளுக்கு ஒரு மூட்டை பொரியும். தணிகாசலன் உங்கள் எல்லோருக்கும் நல்ல பசியும் அதற்கேற்ற சோறும் கொடுக்கட்டும்.

உன் பாவா,
ராஜவேலு

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கந்தன் வந்து தலையைச் சொறிந்தான். "மொதலாளி, கோச்சுக்காதீங்க. வெல்லம் வர்ற டப்பா, காலி டப்பா மட்டும் நாலு கிலோ. காலையிலயே அத்த கழிச்சி வெச்சிகினுதான் தராச ஓட்டிகினு இருக்கேன். நீங்க ஏறும்போது உங்களுக்கும் டப்பா கழிஞ்சிபோச்சு." ஏண்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க" என்றான். கழிவை எடுத்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டே ஏறினேன். எண்பத்து மூணு புள்ளி ஒன்பது. அந்த நூறு கிராமும் கடிகாரத்தைக் கழற்றி வைத்ததால் வந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பானுப்ரியா சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. உன் அக்காவைக் கடைக்கு அழைத்து வந்து முத்திரைத் தராசிலேயே நிறுத்தினாள். ஆறு கிலோ குறைந்திருக்கிறாள், சுத்தமாக. அவள் இறங்கி வந்து புடவையைச் சரி பண்ணிக்கொண்டு, "அப்போ காவடி யாருக்கு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். முப்பது வருஷமாக எத்தனை பெண்கள் காவடியோடு என் கடையைத் தாண்டி மலை ஏறியிருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொண்டே பொரி விற்றவன் நான், எனக்கு இது தோன்றவே இல்லை பார். காவடிக்கு உடுத்துகிற மஞ்சள் புடவையை அவள் ஆனி மாசமே எடுத்து வைத்துவிட்டாளாம்.

நாலு பக்கம் எழுதினதைக் கிழிக்க மனசில்லை, மேலே உள்ளதை நீயே அடித்துக்கொள். வடை உண்டு, எனக்குத்தான் இல்லை. நீ தண்ணீர் பாட்டிலோடு உன் அக்காவுக்குப் பின்னால் ஏறு. பாதி வழி மண்டபத்தில் இந்தத் தடவை உட்காரக் கூடாது என்றுதான் இருக்கிறேன். உட்கார்ந்தால், புத்தூரில் சொல்லாதே.