முகவாய்க்கு மட்டும் மருந்தில்லை

முறை தெரியாதவன் முகத்தில் புண் வந்தால் மருந்தைத் தடவிக்கொண்டு தூங்கிவிடுவான். முறை தெரிந்தவன் ஆராய்ச்சி செய்வான். நான் இரண்டாம் வகை. (ஓய்வு பெற்ற பிறகும் குணமாகாத வகை.)

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், பான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஒரு குளிர்காலத்தில் இரண்டு கன்னங்களிலும் முகவாயிலும் கொப்புளங்கள் கிளம்பி, உடைந்து, தேன் காய்ந்த மாதிரி பொருக்குத் தட்டின. மேல்தோலில் பாக்டீரியா செய்யும் வேலை, களிம்பிலேயே போய்விடும் என்று டாக்டர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அறைத்தோழன் ஜோசப்பிடம் இதே புண்ணுக்கு வேறொரு களிம்பு இருந்தது. (எனக்கு ஒட்டவிட்ட புண்ணியவானும் அவன்தான்.) இரண்டில் எது உசத்தி?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஓர் இன்ஜினியர் தன் தங்கையோடு மாப்பிள்ளை பார்க்க வருவதாக இருந்தது. தங்கை வசந்தா அங்கே டாக்டர். அவள் புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து, இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்ற கவலையில் சரியாகச் சாப்பிடவில்லை.

“டேய், பொண்ணு வருது. ரெண்டையும் அப்பிக்கிட்டு ஒழுங்கா இரு” என்றான் ஜோசப்.

“சேர்த்துப் போட்டா எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?”

“தெரிஞ்சு? கல்யாணப் பத்திரிகையில போடப் போறியா?”

எது எது என்று எனக்குத் தெரியாதபடி அவனையே இரண்டு டப்பாக்களில் மாற்றிவைக்கச் சொன்னேன். கன்னத்துக்கு ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே படாத இடமும் வேண்டுமல்லவா? முகவாயை விட்டுவைத்தேன்.

ஞாயிறன்று கன்னங்கள் இரண்டும் தெளிந்திருந்தன. முகவாய்ப் புண் மூக்குவரை ஏறியிருந்தது. மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“ஏன் சார், ரூமுக்குள்ள மஃப்ளர்?” என்றார் அண்ணன்.

“குளிர்” என்றேன், ஹீட்டரில் சாய்ந்தபடி.

காபி வந்தது. மஃப்ளர் வழியாகக் காபி குடிக்கும் முறை மட்டும் எனக்குத் தெரியவில்லை.

“கழட்டுங்க” என்றாள் வசந்தா, டாக்டர் குரலில். கழற்றினேன். “கன்னமெல்லாம் ஆறியிருக்கே! இங்க ஏன் மருந்து போடலை?”

“அது… கன்ட்ரோல்.”

“அப்படீன்னா?” என்றார் அண்ணன்.

“வேணும்னே ஒண்ணும் பண்ணாம விடறது அண்ணா” என்றவள், மேஜைமேல் இருந்த இரண்டு டப்பாக்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு கிரீம்ல எது ஜெயிச்சது?”

“ரெண்டும் சமம்.”

“அப்போ, மருந்து போடாததைவிடப் போடறது நல்லதுன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க.”

அண்ணன் கோட்டைக் கையில் எடுத்துவிட்டார். “கிளம்பலாமா வசந்தா?”

அவள் கிளம்பவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வெந்நீரில் துணியை நனைத்து, பொருக்கை ஊறவைத்துப் பக்குவமாக எடுத்தாள். கையில் அகப்பட்ட டப்பாவிலிருந்து களிம்பைத் தடவினாள்.

“உங்க கன்ட்ரோலைக் கெடுத்துட்டேன். பரவாயில்லையா?”

“பரவாயில்லை” என்றேன். ஓர் ஆராய்ச்சி பாதியில் கெட்டதற்காக நான் வருந்தாதது அந்த ஒரு தடவைதான்.

எதை நம்பிச் சம்மதித்தாய் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். “கழட்டச் சொன்னதும் கழட்டினீங்களே” என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் கழுவாத தட்டுக்கும் மடிக்காத துணிக்கும் “அப்பாவோட கன்ட்ரோல்” என்றுதான் பெயர். பனிக்காலத்தில் வறண்ட முகத்துக்கு அவள்தான் கிரீம் தடவிவிடுகிறாள். நெற்றி, இரண்டு கன்னங்கள். அதோடு டப்பாவை மூடிவிடுவாள்.

“முகவாய்க்கு?” என்பேன்.

“அண்ணா கோட்டைக் கையில எடுக்கட்டும், போடறேன்” என்பாள்.