பூட்டிய வீட்டுக்குள் ஒரு பிறந்தநாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதிலும் மாடு மேய்க்கப் போன நாட்களைக் கழித்தால் மூணரை வகுப்புதான் தேறும். ஞாபகமும் சரியில்லை. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருந்தும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் சொந்தக்காரர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் வீட்டையே கொளுத்திவிட்டதாக முடித்துவிட்டார்கள். நான் வீட்டைக் கொளுத்தவில்லை. கேக் சுட்டேன். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் கடத்தூர் பக்கம். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் நான் பிறந்தேன் என்று அம்மா சொல்லுவாள். எந்த வருஷம் என்று அவளுக்கும் தெரியாது. எங்கள் ஊரில் பொம்பளைக்குப் பிறந்தநாள் என்று ஒன்று அப்போது கிடையவே கிடையாது. எனக்கு மட்டும் இருந்தது, எங்கள் வீட்டுக்காரரால். அவர் கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு பேக்கரியில் நாலு வருஷம் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது இரண்டு பழக்கம். கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவார். என் பிறந்தநாளன்று கேக் சுடுவார். இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி, நடுவில் மாவு ஊற்றிய தகர டப்பாவை வைத்து, மூடி மேலே தணல் போடுவார். அன்றைக்கு என்னைச் சமையலறைக்குள் விடமாட்டார். "நீ போய் மகாராணி மாதிரி ஒக்காரு" என்பார். (மகாராணி கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். சும்மா உட்கார எனக்குத் தெரியாது.)

எண்பத்து மூன்றோ நாலோ, தை மாதம் அவர் போய்விட்டார். மார்வலி. கடத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஆறு மாதமும் எனக்கு ஒரே வேலைதான், அழுவது. சாவுக்கு வர முடியாதவர்கள் பிறகு வந்து துக்கம் கேட்பார்கள். வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துக்கொண்டு வந்து கட்டிப் பிடித்தால், நானும் கூடவே அழ வேண்டும். அதுதான் மரியாதை. அவருக்கு அரூர் பக்கம் இத்தனை சொந்தம் இருப்பது அவர் செத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காலையில் அழுது, மத்தியானம் சோறு போட்டு, சாயங்காலம் அடுத்த வண்டிக்கு அழுதேன். தனியாக அவரை நினைத்து அழ ஒரு நாளாவது கிடைக்காதா என்று இருந்தது.

இதற்கிடையில் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த மகன் முருகேசன், வீட்டைப் பூட்டிவிட்டு என்னைத் தன்னோடு கூட்டிப் போவதாக முடிவு செய்துவிட்டான். எனக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் 'வேண்டாம்' என்ற வார்த்தை என் வாயில் அதுவரை வந்ததே இல்லை. அவன் வருவதாகச் சொன்ன நாள் ஆடி இருபது. அதாவது, என் பிறந்தநாளுக்கு மறுநாள்.

ஆகவே அந்த வீட்டில் எனக்கு ஒரே ஒரு நாள் பாக்கி. அதைத் தனியாகக் கழிப்பது, அவரைப் போலவே கேக் சுட்டுச் சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். யாருக்கும் தெரியக் கூடாது. புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, பிறந்தநாள் கேட்கிறதா இவளுக்கு என்று பேசுவார்கள். அதனால் பக்கத்து வீட்டுச் சரோசாவிடம், சேலத்துக்கு மகள் சாந்தி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். முன்கதவில் பெரிய பூட்டாகப் பூட்டினேன். பையை மாட்டிக்கொண்டு, சேலம் ரயிலுக்காகப் பொம்மிடிக்குப் பஸ் பிடிக்கிறவள் மாதிரி ரோடு வரைக்கும் போனேன். பிறகு நிலக்கடலைக் காட்டு வழியாக, என் வீட்டுக்கே திருடி மாதிரி குனிந்து குனிந்து வந்து, பின்கதவு வழியாக நுழைந்து உள்தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல்களையும் சாத்தினேன். (மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அந்த ஜன்னலில் ஒன்றையாவது திறந்து வைத்திருப்பேன்.)

மைதா, முட்டை, டால்டா, சோடா உப்பு எல்லாம் கலக்கி டப்பாவில் ஊற்றினேன். வாசனை வைத்தே அது இதுவென்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஆனால் தணல் எப்படிப் போடுவார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லையே! நான்தான் கூடத்தில் கடலை உரித்த மகாராணி ஆயிற்றே. மூடி மேல் வரட்டியை அடுக்கிப் பற்ற வைத்தேன். ஆடித் தூறலில் அந்த வரட்டி நன்றாக நமுத்துப் போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் கை எனக்குத் தெரியவில்லை. பயந்துபோய் ஒரு சொம்பு தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். அதுவரை வந்தது வெறும் ஒத்திகை. அதற்கப்புறம் வந்ததுதான் புகை. ஓட்டுச் சந்தெல்லாம் வழியாக வெளியே போயிற்று.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய்வந்த அலுப்பில் அன்றைக்கு ஊரே வீட்டில் இருந்தது. சரோசா கத்தினாள்: "ஐயையோ, ஓடியாங்க! அக்கா வூடு பத்திக்கிச்சு!"

திபுதிபுவென்று ஆட்கள் வரும் சத்தம். நான் முந்தானையை வாயில் திணித்து இருமலை அடக்கிக்கொண்டு நின்றேன். வெளியே பேசுவது அத்தனையும் காதில் விழுந்தது.

"நல்லவேளை, அந்தக்கா ஊர்ல இல்ல."

"ஊருக்குப் போறவ அடுப்ப அணைச்சிட்டுப் போவத் தெரியாது?"

இதைச் சொன்னது யார் என்று எனக்குக் குரலிலேயே தெரிந்தது. முப்பது வருஷத்தில் ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் வெளியே போனதில்லை நான்! பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. மறுபடியும் திணித்துக்கொண்டேன்.

தலைக்கு மேலே ஓடு நகர்ந்தது. மூன்றாம் வீட்டு மாதையன் எட்டிப் பார்த்தார். கரி பூசிய முகத்தோடு நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் அலறவில்லை. ரொம்ப மரியாதையான மனுஷன்.

"அக்கா... நீங்க சேலம் போவலீங்களா?"

"போவல தம்பி."

"வூடு எரியுதுங்களா?"

"இல்ல தம்பி. கேக்கு."

அவர் யோசித்தார். கீழிருந்து யாரோ, "டேய் மாதையா, எவங்கிட்டடா பேசற?" என்றார்கள். நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஒண்ணுமில்ல, வெறும் பொகைதான்!" என்று கத்தினார். ஆனால் அதற்குள் கீழேயிருந்து தண்ணீர்க் குடம் மேலே வந்துவிட்டது. ஊற்றாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவர் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் நவுந்துக்கங்க."

நான் நகர்ந்தேன். சரியாகத் தண்ணீர் விழுகிற பக்கமாக நகர்ந்தேன்.

மூன்றாவது குடத்தில் பின்பக்கம் பெருங்குரல் கேட்டது. என் நாத்தனார் முனியம்மா. எங்கள் வீட்டுக்காரருக்கு அக்கா. அந்த வட்டாரத்திலேயே ஒப்பாரியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "எந்தம்பி கட்டுன வூடு போவுதே!" என்று அழுதுகொண்டே, "கடப்பாரைய எடுங்கடா, கதவ ஒடைங்கடா!" என்றார்.

அந்தக் கதவு நல்ல வேப்பமரம். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னது. வெட்கம் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். நானே போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

வெளியே ஐம்பது பேர். என் முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டி," என்றார் நாத்தனார், "நீ சேலத்துலதான இருக்கற?"

அவர் உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். "என்ன கருமம்டி இது?"

"கேக்குங்க அண்ணி."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க. இன்னிக்கு... எனக்குப் பொறந்தநாளு."

சொல்லிவிட்டேன், ஊர் முன்னால். பூமி பிளக்கவில்லை. நாத்தனார் என்னையே பார்த்தார். பிறகு நனைந்த டப்பாவில் கையை விட்டு, ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"எந்தம்பி சுட்டா மட்டும் என்னா? அவனுதும் இப்பிடித்தான் தீஞ்சி கெடக்கும். ஒரு வருசமாவது ஒழுங்கா சுட்டானாடி அவன்? நெசத்த சொல்லு."

அத்தனை வருஷமும் வீட்டுக்காரர் முகத்துக்காக 'ரொம்ப ருசி' என்று சொல்லிச் சொல்லி விழுங்கியவள் நான்.

"இல்லீங்க அண்ணி. ஒரு வருசங்கூட வாயில வெக்க முடியாதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. நாத்தனாருக்கும் வந்தது. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கினார், நானும் குலுங்கினேன். தெருக்கோடியில் இருந்த ஒரு அம்மாள் தூரத்திலிருந்து அதைக் கேட்டு ஒப்பாரி என்று நினைத்துக்கொண்டு, மாரடித்துக்கொண்டே ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவரை நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் முருகேசன் வந்து, ஓடு உடைந்து கிடந்த கூரையைப் பார்த்தான். "இதுக்குத்தாம்மா சொன்னேன், தனியா உட முடியாதுன்னு. துணிய எடுத்து வெய்யி" என்றான்.

நாத்தனார் விடவில்லை. "தனியாவா? யாருடா தனியா? பொகைய கண்டு பத்து நிமிசத்துல தெருவே கொடத்தோட நின்னுச்சி. ஓசூர்ல உங்கம்மா பொகைஞ்சா எவன்டா ஓட்டு மேல ஏறுவான்?"

முருகேசன் என்னைப் பார்த்தான். அதுவரை வராத வார்த்தை எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"நான் வரலப்பா."

அவன் கோபித்துக்கொள்வான் என்று நடுங்கினேன். அவனோ அப்படியே சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். "எனக்கும் நிம்மதிதாம்மா. அங்க இருக்கறது ஒரே ரூமு. உன்ன எங்க படுக்க வெக்கறதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல" என்றான். அதைக் கேட்டதும் என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து ஓடு மாற்றினோம்.

இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எங்கே யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்னால் ஒருத்தர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்க, பொறந்தநாளுதான்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வர வேண்டும். அபார்ட்மெண்டில் இருக்கிற பேரன்கூடச் சொல்கிறான். எதிர் வீட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

சாந்தி, இதை ஒரு தரம் படித்துப் பார். உங்கப்பா போனது எந்த வருஷம் என்று சரியாகப் போட்டுவிடு. ஊற்றியது மூன்று குடமா ஏழு குடமா என்று மாதையனைக் கேள், அவர் ஏழு என்கிறார். தப்பு இருந்தால் திருத்து. ஆனால் கேக் முழுக்கக் கரிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் எழுதாதே. நடுவில் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.